கண்ணாடி முன்னால் ஒரு தலைப்பாகை

அன்புள்ள தம்பிக்கு,

போன கடிதத்தில் எல்லாம் எழுதி முடித்து, கையெழுத்துக்குக் கீழே ஒரு கேள்வியைச் செருகியிருந்தாய். "எல்லாத்தையும் விட்டுரு, உள்மனசு சொல்றதை மட்டும் நம்புன்னு சொல்றாங்களே, எங்க ஊர் நிழல்தாங்கல்ல சிலைக்குப் பதிலாக் கண்ணாடி வச்சிருக்கதும் அதுக்குத்தானா?" மூன்று வாரமாக அந்த வரி மனசில் முள்ளாகக் கிடக்கிறது. உன்மேல் கோபமில்லை. கண்ணாடியை இப்படி மலிவாக்கிவிட்ட பேச்சின் மேல்தான் எரிச்சல். கைப்பேசியில் அரை நிமிடம் ஓடும் காணொளிகளில் ஆன்மிகம் ஆசைக்கு இன்னொரு பெயராகிவிட்டது. படிக்கப் பிடிக்கவில்லை என்றாலும் உள்மனசு, பொறுப்பு சலித்துப்போனாலும் உள்மனசு!

அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் யார், அவ்வழியினர் கூடி வணங்கும் நிழல்தாங்கல் எது என்றெல்லாம் கூடங்குளத்துப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. நேரே 1833-ஆம் ஆண்டுக்குப் போவோம்.

அந்த மாசி மாதத்தில் பூவண்டன்தோப்பிலிருந்து, அதாவது இன்றைய சாமித்தோப்பிலிருந்து, ஒரு குடும்பம் திருச்செந்தூருக்குப் புறப்பட்டது. இருபத்து நான்கு வயது முத்துக்குட்டி கடும் நோயில் கிடந்தார். தாய் வெயிலாளும் உறவினரும் அவரைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். முடியும் பெருமாளும் பனையேறும் சாதிக்கு ஆகாது என்று மேல்சாதியார் தடுத்ததால் அது முத்துக்குட்டி ஆயிற்று. திருவிதாங்கூர் எல்லையைத் தாண்டி, சாப்பாட்டுக்காகத் தொட்டிலை இறக்கி வைத்த இடம் கூடங்குளம் என்று அய்யாவழி மக்கள் சொல்லி வருகிறார்கள். தூக்கி வந்தவர்கள் உண்டுகொண்டிருக்க, எழுந்து நிற்கவும் மாட்டாதிருந்தவர் எழுந்து திருச்செந்தூரை நோக்கி நடக்கத் தொடங்கினார். போய்க் கடலுக்குள் இறங்கினார். உறவினர் தேடிக் களைத்துத் திரும்பிவிட்டார்கள். தாய் மட்டும் கரையிலேயே இருந்தாள். மூன்றாம் நாள் அவர் வைகுண்டராக வெளியே வந்தார் என்பது நம்பிக்கை. ஓடிவந்து அணைக்கப் போன தாயிடம், இனி நான் உன் மகன் இல்லை, நாராயணரின் மகன் என்று அவர் சொன்னதாகவும் மரபு சொல்கிறது.

விடுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் கடலுக்குள் இறங்கியவரை மட்டும் பார்க்கிறார்கள். மூன்று நாள் உப்புக்காற்றில் உட்கார்ந்திருந்தவளையும் சேர்த்துப் பார். மகனை மீட்கத்தான் அவள் காத்திருந்தாள். மகன் வந்தான், ஆனால் அவளுக்கென்று வரவில்லை. இந்தக் கதையில் பெரிய விடுதல் யாருடையது என்று யோசித்தால், எனக்குத் தோன்றுவது வெயிலாளின் முகம்தான்.

சரி, கரையேறியவர் என்ன செய்தார்? உள்ளே குரல் கேட்டுவிட்டது என்று மறுநாளே எல்லாருக்கும் வழிசொல்லக் கிளம்பினாரா? இல்லை. ஊருக்குத் திரும்பி ஆறு ஆண்டுகள் தவம் இருந்தார். இரண்டிரண்டு ஆண்டாக மூன்று கட்டம். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழிக்குள் கழிந்தது என்பார்கள். தன் உள்ளத்தை நம்பு என்று சொல்கிறவர்கள் இந்த ஆறு ஆண்டுக் கணக்கை ஏன் வசதியாக மறந்துவிடுகிறார்கள்? உள்ளே பேசுவது ஆன்மாவா, சோம்பலா, பயமா என்று பிரித்தறியக் காலம் வேண்டும் தம்பி. அவருக்கே ஆறு ஆண்டு ஆயிற்று. உனக்கு ஒரு மாதத் தேர்வு விடுமுறையில் முடிந்துவிடுமா?

இப்போது கண்ணாடிக்கு வருகிறேன். இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள். கண்ணாடியைப் பற்றி எழுதுகிற பலர் அதைத் தனியாக எடுத்து வைத்துப் பேசுகிறார்கள். ‘நீயே இறைவன்’ என்று ஒரு வரியில் தத்துவத்தை முடித்துவிடுகிறார்கள். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் ஆண்கள் எப்படி நிற்கிறார்கள்? சட்டையைக் கழற்றி, தலையில் தலைப்பாகை கட்டி நிற்கிறார்கள். கண்ணாடியையும் தலைப்பாகையையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் வாதம்.

அன்றைய திருவிதாங்கூரில் பனையேறி வாழ்ந்த மக்களுக்குத் தலைவரி இருந்தது. கூலியில்லாத ஊழிய வேலை இருந்தது. தலையில் முண்டாசு கட்டி மேல்சாதிக்காரர் முன்னால் நடக்க முடியாது, துண்டை இடுப்பில் சுற்றிக் குனிய வேண்டும். பெண்கள் தோள்சீலை போடும் உரிமைக்கான போராட்டம் பல்லாண்டு நடந்தது. அவர்கள் தோளை மறைக்கலாம் என்ற அரசாணை 1859-இல்தான் வந்தது. வைகுண்டர் மறைந்து எட்டு ஆண்டு கழித்து.

அப்படி ஒடுக்கப்பட்ட ஒருவனிடம் வைகுண்டர், தலைப்பாகை கட்டிக்கொண்டு உள்ளே வா என்கிறார். கட்டுகிறான். உள்ளே வருகிறான். இருபுறமும் விளக்கு எரிகிறது, நடுவில் கண்ணாடி. அதில் என்ன தெரியும்? ஊர் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்த குனிந்த உருவம் தெரியாது. நெற்றியில் சுடர்போல் நாமமும் தலையில் பாகையுமாக நிமிர்ந்து நிற்கும் ஒரு மனிதன் தெரிவான். தெருவில் அந்த உருவத்துக்கு அனுமதியில்லை, தாங்கலில் அதற்குத்தான் வணக்கம்.

அடுத்த முறை போகும்போது இன்னொன்றையும் கவனி. கண்ணாடியில் நீ மட்டும் தெரிவதில்லை. எண்ணெய்ப் புகை படிந்த அந்தப் பரப்பில் உன் தோளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து தலைப்பாகைகள் அசையும். முன்னால் நிற்கிறவன் குனிந்தால் பின்னால் நிற்கிறவன் தெரிவான். உள்மனசு என்ற பெயரில் தன்னை மட்டும் பார்க்கிறவனுக்கு இந்தக் கண்ணாடி தோதுப்படாது. சாமித்தோப்பின் முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாகத் தண்ணீர் எடுத்துக் குளிக்க வேண்டும் என்று வைத்தவர் வைத்த கண்ணாடி இது.

தமிழ்நாட்டில் கண்ணாடி வழிபாடு இங்கே மட்டும் இல்லை. 1872 தைப்பூசத்தன்று வடலூரில் வள்ளலார் திறந்த சத்திய ஞான சபையில் ஏழு திரைகளுக்கு அப்பால்தான் கண்ணாடியும் தீபமும் இருக்கின்றன. ஏழும் ஒவ்வொன்றாக விலக வேண்டும். கேரளத்தில் சேர்த்தலைக்கு அருகே களவங்கோடு என்ற ஊரில் 1927-இல் ஸ்ரீநாராயண குரு பிரதிஷ்டை செய்தது ‘ஓம் சாந்தி’ என்று எழுதிய கண்ணாடி. இங்கே என் இன்னொரு ஊகத்தையும் சொல்லிவிடுகிறேன். குரு இளமையில் தவம் செய்தது மருந்துவாழ்மலைக் குகையில். அந்த மலைக்கும் சாமித்தோப்புக்கும் சில கிலோமீட்டர்தான். தென் திருவிதாங்கூரில் அலைந்து திரிந்த அந்த நாட்களில் ஏதோ ஒரு நிழல்தாங்கலின் கண்ணாடியை அவர் பார்க்காமலா இருந்திருப்பார்? அந்தப் பார்வை களவங்கோடு வரைக்கும் கூடவே வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். வாய்ப்பில்லை என்று வாதாடும் நண்பர்களோடு பலமுறை சண்டை போட்டிருக்கிறேன்.

அப்படியானால் விடுவது எதை? வைகுண்டர் விடச் சொன்னவை தெளிவானவை. பேய்க்குப் பயந்து கொடுக்கும் பலியை விடு. காணிக்கையை விடு. ஆரத்தியை விடு. மேலே இருப்பவனைக் கண்டு நடுங்கும் நடுக்கத்தை விடு. இவற்றில் ஒன்றுகூட உழைப்பையோ குடும்பத்தையோ படிப்பையோ விடச் சொல்லவில்லை. மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் அவரைக் கைது செய்து திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் 110 நாள் அடைத்து வைத்தார்கள். தன் சாதியாரோடு மட்டும் இருந்துகொள்வதாக எழுதிக் கொடுத்தால் விடுவதாகச் சொன்னதற்கு அவர் இணங்கவில்லை என்று மரபு சொல்கிறது. உள்ளத்தை நம்பியவரின் நடத்தை அப்படி இருந்தது. வெளியே வர ஒரு கையெழுத்துப் போதும் என்ற நிலையில் உள்ளேயே இருந்துவிட்டார்.

துவையல் தவசையும் மறந்துவிடாதே. அவர் சொற்படி எழுநூறு குடும்பங்கள் கடற்கரையில் கூடி ஒரு வேளை உணவோடு, நாள்தோறும் துணி துவைத்து, குளித்து, கட்டுப்பாட்டில் வாழ்ந்தார்கள். வழுக்கும் கடற்பாறையில் ஈரத்துணியை ஓங்கி அடிக்கும் சத்தம் உனக்கு அந்நியமில்லை, உங்கள் கரையில் கேட்டு வளர்ந்தவன் நீ. மனசைத் துவைக்கத் துணியிலிருந்து ஆரம்பித்தார்கள்.

கொஞ்சம் அதட்டிவிட்டேனோ என்று படுகிறது. கேள்வி நல்ல கேள்வி. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதாயிற்று. எனக்கு ஒரு உதவி செய். உன் ஆச்சியிடமும் தாங்கலில் உகப்படிப்பு என்ற வேண்டுதலைப் படிக்கும் பெரியவரிடமும் உட்கார்ந்து, அன்று தொட்டிலை எந்தப் பக்கம் இறக்கி வைத்தார்கள் என்று கேள். பனங்காட்டுக்குள் என்பார்களா, கடற்பக்கம் என்பார்களா? அவர்கள் சொல்வதை உன் பாஷைக்கு மாற்றாமல், அவர்கள் வார்த்தையிலேயே எழுதி அனுப்பு. மாசி 20-க்கு அஞ்சுகிராமம் வழியாக வருகிறேன். தொட்டில் இறங்கிய இடத்தைச் சேர்ந்தே போய்ப் பார்க்கலாம்.

அன்புடன்,
உன் வாத்தியார்