பனிக்காலக் காலையில் ஆர்எக்ஸ்-8 திணறினால்

குளிர் இறங்கியதும் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரின் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்ற ஆரம்பித்தால், வைத்திருப்பவருக்கு முதலில் வருவது எஞ்சினைப் பற்றிய பயம். ரோட்டரி எஞ்சின் என்றாலே சீல் தேயும், கம்ப்ரஷன் போய்விடும் என்ற பேச்சு 1967-இல் ஜெர்மனியில் வந்த என்எஸ்யு ரோ 80 காலத்திலிருந்தே இருக்கிறது. அதில் உண்மையும் உண்டு. ஆனால் குளிரில் மட்டும் ஸ்டார்ட் ஆகத் தாமதிக்கும் வண்டியில் கோளாறு பெரும்பாலும் பேட்டரி, செல்ஃப் மோட்டார், காயில், பிளக் இவற்றில்தான் இருக்கும். எஞ்சினை இறக்கச் சம்மதிக்கும் முன் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துவிடுங்கள். பழைய பேட்டரியோடு கம்ப்ரஷன் சோதனைக்குப் போய், நல்ல எஞ்சினைச் செத்த எஞ்சின் என்று எழுதி வாங்கிக்கொண்டு திரும்புவது நடக்கக்கூடிய விஷயம். அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: திணறல் எப்போது? இரவெல்லாம் வெளியே நின்ற வண்டி காலையில் தகராறு செய்துவிட்டு, ஓடிச் சூடானபின் அணைத்துப் போட்டால் உடனே பிடித்துக்கொள்கிறதா? அப்படியென்றால் கம்ப்ரஷனைக் கடைசியில் பார்த்தால் போதும். காலையில் ஒழுங்காக எடுத்துவிட்டு, அரை மணி நேரம் ஓடியபின் பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் மறுபடி எடுக்க மறுக்கிறது என்றால் சீல்களைச் சந்தேகிக்கலாம். குளிர்ந்த எஞ்சினில் ஆயில் கெட்டியாக இருந்து சீலின் இடைவெளியை ஓரளவு அடைத்துக் கொடுக்கும். சூட்டில் ஆயில் நீர்த்துவிடும். தேய்ந்த சீல் அப்போதுதான் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

குளிர் ஏன் இந்த எஞ்சினை இப்படிப் படுத்துகிறது? ஆர்எக்ஸ்-8-இல் இருக்கும் ரெனெசிஸ் எஞ்சினுக்கு இரண்டு முக்கோண ரோட்டர்கள், ஒவ்வொன்றும் 654 சிசி. ரோட்டரின் மூன்று முனைகளிலும் இருக்கும் ஏபெக்ஸ் சீலை ஹவுசிங் என்ற வெளிக்கூட்டின் சுவரோடு அழுத்திப் பிடிப்பவை மூன்று: அடியில் உள்ள ஸ்பிரிங், அறைக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தம், சுழற்சியின் மையவிலக்கு விசை. செல்ஃப் சுற்றும்போது வேகம் குறைவு, பின்னிரண்டும் பலவீனம். மிஞ்சுவது ஸ்பிரிங்கும் மெல்லிய ஆயில் படலமும்தான். சுழற்சி எவ்வளவு மெதுவாகிறதோ அவ்வளவு நேரம் காற்று கசிய வழி கிடைக்கிறது. அதோடு எரி அறை நீண்டு தட்டையாக இருப்பதால் குளிர்ந்த சுவரின் பரப்பு அதிகம். தெளிக்கப்பட்ட பெட்ரோலில் ஒரு பங்கு ஆவியாகாமல் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய பெட்ரோல் ஆயில் படலத்தைக் கழுவுகிறது. படலம் போனால் கம்ப்ரஷன் குறைகிறது. கம்ப்ரஷன் குறைந்தால் எரியாது, எரியாததால் இன்னும் பெட்ரோல் சேர்கிறது. இந்தச் சுழலை உடைக்க முதலில் வேண்டியது சுற்றும் வேகம்.

ஆகவே முதல் வேலை பேட்டரி. இரவு முழுக்க நின்ற வண்டியில், எதையும் ஆன் செய்யாமல், மல்டிமீட்டரைப் பேட்டரியின் இரு முனைகளில் வையுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதிதான். பாதி சார்ஜில் இருக்கும் பேட்டரியை வைத்துக்கொண்டு வேறு எதையும் சோதிக்க வேண்டாம், சார்ஜரில் போட்டு நிரப்பிவிட்டுத் தொடருங்கள். அடுத்து, உதவிக்கு ஒருவரை உட்காரவைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லி, மீட்டரைக் கவனியுங்கள். மேனுவல் கியர் வண்டியில் கிளட்சை மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும் என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். சுற்றும்போது வோல்டேஜ் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் குடிக்கிறது. புதுப் பேட்டரி வாங்கும்போது ஆம்பியர்-அவர் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். குளிர்நாட்டில் கேட்க வேண்டியது சிசிஏ என்ற எண். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் பேட்டரி எவ்வளவு ஆம்பியர் தள்ளும் என்பதை அது சொல்கிறது. தட்டில் உட்காரக்கூடிய அளவில் சிசிஏ அதிகமுள்ளதை எடுங்கள். இந்த வண்டிக்குச் செய்யும் செலவுகளில் இதைவிடப் பலன் தருவது குறைவு.

பேட்டரி நன்றாக இருந்தும் சுற்றல் மந்தமா? மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் தண்டிலும் மறுமுனையைச் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டிலும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளிலோ இணைப்பிலோ மின்சாரம் வீணாகிறது. அதேபோல் பேட்டரியின் நெகட்டிவிலிருந்து எஞ்சின் உடலுக்கு வைத்துப் பார்க்கும்போது 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. சாலையில் உப்புத் தூவும் ஊர்களில் எர்த் ஒயரின் முனை பச்சை பிடித்துக் கிடப்பது சகஜம். கழற்றி, உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, இறுக்கிப் பூட்டுங்கள்.

இப்போது வேகத்தை அளக்கலாம். ஓபிடி ஸ்கேனரைச் செருகி நேரடி அளவுகளில் ஆர்பிஎம்மைத் திறந்துவைத்துச் செல்ஃப் அடித்தால் சுற்றும் வேகம் திரையிலேயே தெரியும். 250-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. 200-க்குக் கீழே என்றால், நல்ல பேட்டரியும் சுத்தமான கேபிளும் இருக்கும் பட்சத்தில், செல்ஃப் மோட்டாரை மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஆரம்ப கால ஆர்எக்ஸ்-8 வண்டிகளின் செல்ஃப் மோட்டார் சக்தி குறைந்தது. பிந்தைய மாடல்களுக்கு மாஸ்டா வலுவானதைக் கொடுத்தது. பழைய வண்டிக்கும் அந்த வகையையே கேட்டு வாங்குங்கள். ஸ்கேனர் கையில் இருக்கும்போதே எஞ்சினைப் போடுமுன் கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் இரண்டும் வெளி வெப்பநிலையை ஒட்டியே இருக்க வேண்டும். கூலன்ட் சென்சார் தவறாகக் காட்டினால் கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தவறான அளவில் தெளிக்கும்.

வேகம் சரி, ஆனாலும் பிடிக்கத் தாமதம் என்றால் தீப்பொறியைப் பார்க்க வேண்டும். ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் நான்கு. ஒவ்வொன்றுக்கும் தனிக் காயில். இந்த வண்டியின் பலவீனமான இடம் காயில்தான். திடீரென்று சாவதில்லை, மெல்ல மெல்லப் பலமிழக்கும். கோடையில் அது தெரியாது, குளிரில் செறிவான கலவையைப் பற்றவைக்க வேண்டியபோது தெரிந்துவிடும். 30,000 மைல், அதாவது சுமார் 48,000 கிலோமீட்டர் தாண்டிய காயில்களை நான்கையும் சேர்த்தே மாற்றுவது அனுபவப்பட்டவர்களின் வழக்கம். பிளக்கையும் ஒயரையும் கூடவே மாற்றிவிடுவார்கள். அது நியாயமான வழக்கம் என்றே நினைக்கிறேன். கோளாறான காயிலோடு தொடர்ந்து ஓட்டினால் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கும். பாழான கன்வெர்ட்டரின் சூடும் அடைப்பும் எஞ்சினுக்கே திரும்பி வரும். பி0301, பி0302 என்ற கோளாறுக் குறியீடுகள் ஸ்கேனரில் வந்தால் முறையே முதல், இரண்டாம் ரோட்டரில் மிஸ்ஃபயர் என்று பொருள்.

பிளக் மாற்றும்போது இடம் மாறக்கூடாது. கீழ்வரிசை லீடிங், மேல்வரிசை ட்ரெய்லிங். என்ஜிகே நிறுவனத்தின் ஆர்இ7சி-எல் கீழே, ஆர்இ9பி-டி மேலே. இரண்டின் வெப்ப அளவும் வேறு. எஞ்சின் ஆறியபின் கையாலேயே மரையில் பிடிக்கவைத்து, பிறகுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும். ஹவுசிங் அலுமினியம், மரை கெட்டால் பெரிய செலவு.

இனி, ரோட்டரி வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய பகுதி: பெட்ரோல் ஓவர்ஃப்ளோ. வாசலிலிருந்து ஷெட்டுக்குள் விட வண்டியை ஒரு நிமிடம் போட்டு அணைப்பீர்கள். குளிர்ந்த எஞ்சினுக்கென்று தாராளமாகத் தெளித்த பெட்ரோல் முழுக்க எரிவதற்குள் நின்றுவிடும். மறுநாள் செல்ஃப் வழக்கத்தைவிடச் சுலபமாக, தடையே இல்லாததுபோல ஒரே சீராக விர்ரென்று சுற்றும். சைலன்சரில் பெட்ரோல் வாடை வரும். எஞ்சின் மட்டும் பிடிக்காது. அந்தச் சுலபமான சுற்றலைக் கேட்டு மகிழ வேண்டாம். படலம் கழுவப்பட்டுக் கம்ப்ரஷன் போயிருப்பதன் சத்தம் அது.

அப்போது செய்ய வேண்டியது: விளக்கு, ஹீட்டர் காற்றாடி, பாட்டு எல்லாவற்றையும் அணையுங்கள். ஆக்சிலேட்டரைத் தரைவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். மிதி முழுதாக இறங்கியிருக்கும்போது கம்ப்யூட்டர் பெட்ரோல் தெளிப்பை நிறுத்திவிடும். எஞ்சின் காற்றை மட்டும் உறிஞ்சி உள்ளே நிற்பதை வெளியே தள்ளும். 10 விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள், செல்ஃப் மோட்டார் சூடேறும். ஒரு நிமிடம் இடைவெளி விட்டு இன்னொரு முறை. பிறகு காலை எடுத்துவிட்டு வழக்கம்போல அடியுங்கள். லேசாக இருமி எழ முயன்றால், மெல்ல மிதி கொடுத்து உதவலாம். பேட்டரி தளர்ந்தால் அத்தோடு நிறுத்தி, சார்ஜரைப் போடுங்கள். தளர்ந்த பேட்டரியில் திரும்பத் திரும்ப அடிப்பதுதான் நிலைமையை மோசமாக்கும்.

அதற்கும் மசியவில்லை என்றால் பிளக்குகளைக் கழற்றியாக வேண்டும். காற்றோட்டமான இடமாக இருக்கட்டும், அருகில் தீயோ சிகரெட்டோ வேண்டாம். பெட்ரோல் பம்பின் ஃப்யூஸை எடுத்துவிடுங்கள். காயில்களின் இணைப்பையும் பிரித்துவிடுங்கள். பெட்ரோல் ஆவி பீய்ச்சி வரும் இடத்தில் ஒரு பொறிகூட இருக்கக்கூடாது. நான்கு பிளக்கையும் எடுத்துவிட்டுச் சில விநாடிகள் செல்ஃப் அடித்தால் துளைகள் வழியே பெட்ரோல் புகையாக வெளியேறும். பிறகு ஒவ்வொரு ரோட்டருக்கும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை பிளக் துளை வழியாக விட்டு, ஆயில் பரவும்படி ஓரிரு விநாடி சுற்றவிடுங்கள். இழந்த படலம் திரும்பும், கம்ப்ரஷன் எழும். காய்ந்த பிளக்கை, முடிந்தால் புதியதை, மாட்டி, ஃப்யூஸையும் காயிலையும் பூட்டி, முழு சார்ஜான பேட்டரியோடு அடித்தால் பிடித்துக்கொள்ளும். முதல் சில நிமிடங்கள் வெள்ளைப் புகை கிளம்பும். விட்ட ஆயில் எரிவதுதான், பயப்பட வேண்டாம். தள்ளியோ கயிறு கட்டி இழுத்தோ ஸ்டார்ட் செய்ய முயல்வதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அத்தனை பெட்ரோலும் கன்வெர்ட்டருக்குள் போகும்.

இத்தனையும் சரியாக இருந்து, குளிரிலும் சூட்டிலும் தகராறு தொடர்ந்தால் கம்ப்ரஷன் சோதனைக்குப் போகலாம். ரோட்டரி டெஸ்டர் வைத்திருக்கும் பட்டறைதான் வேண்டும். சாதாரண பிஸ்டன் எஞ்சின் கேஜ் ஒரு ரோட்டரின் மூன்று முகங்களில் அதிகபட்சமானதை மட்டும் பிடித்துக் காட்டும், கெட்டது ஒளிந்துகொள்ளும். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். மாஸ்டாவின் கணக்கில் 250 ஆர்பிஎம் வேகத்தில் 830 கிலோபாஸ்கல் தரமான அளவு, 680 கடைசி எல்லை. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் வித்தியாசம் 150-ஐயும், இரு ரோட்டர்களுக்கு இடையே 100-ஐயும் தாண்டக்கூடாது. பழைய பேட்டரியோடு சோதனைக்குப் போனால் நல்ல எஞ்சினும் செத்ததாகத் தெரியும் என்று முன்னால் சொன்னதற்குக் காரணம் இந்த 250 ஆர்பிஎம்தான். மெதுவாகச் சுற்றினால் நல்ல எஞ்சினும் குறைவாகவே காட்டும். அறிக்கையில் ஆறு எண்களோடு சுற்றும் வேகமும் எழுதப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்காதீர்கள். அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையிலான மாடல்களின் எஞ்சினுக்கு மாஸ்டா 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று வாரண்டியை நீட்டியிருந்தது. அதுவும் எப்போதோ முடிந்துவிட்டதால், சோதனை அறிக்கையின் எண்களை நம்பிச் செலவு செய்யப்போவது நீங்கள்தான்.

வண்டி சரியானபின் குளிர்காலம் முழுக்கக் கடைப்பிடிக்க வேண்டியவை சில. ஆயில் மேனுவலில் சொன்னபடி இருக்கட்டும். அமெரிக்க வண்டிகளுக்கு 5டபிள்யூ-20, ஐரோப்பாவில் 5டபிள்யூ-30. கெட்டியான ஆயில் எஞ்சினைக் காக்கும் என்று நினைத்து மாற்றினால் காலையில் சுற்றும் வேகம் குறையும். ரோட்டரி தன் ஆயிலையே அறைக்குள் செலுத்தி எரிப்பதால் அளவுக்குச்சியை அடிக்கடி பாருங்கள். கனடா போன்ற இடங்களில் பிளாக் ஹீட்டரை மாட்டி இரவில் மின் இணைப்பில் செருகிவிடலாம். ஸ்டார்ட் ஆனதும் வரும் இரைச்சலான ஊதல் சத்தம் புகைபோக்கிக்குக் காற்றுத் தள்ளும் பம்பினுடையது, சிறிது நேரத்தில் தானே அடங்கும். வெப்பநிலை முள் நடுவுக்கு வரும்வரை வண்டியை அணைக்காதீர்கள். நகர்த்தி நிறுத்த மட்டும் வேண்டுமென்றால் எஞ்சினைப் போடாமல் நியூட்ரலில் தள்ளி நகர்த்துங்கள். போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், தெருவைச் சுற்றிச் சூடாக்கிக்கொண்டு வந்தபிறகு அணையுங்கள்.