காபிச் சக்கைக்கு ஏற்ற ஜோடி வெங்காயச் சருகு

செட்டிகுளம் பக்கம் வெங்காயச் சருகுக்குப் பஞ்சம் கிடையாது. பட்டறையைப் பிரித்துச் சின்ன வெங்காயத்தைத் தாள் அறுத்துச் சுத்தம் பண்ணும் நாட்களில் வாசலெல்லாம் சருகு பறக்கும். பல வீடுகளில் அதைக் கூட்டிக் குவித்து நெருப்பு வைத்துவிடுகிறார்கள். ஃபில்டரில் மிஞ்சும் காபிச் சக்கை சாக்கடைக்குப் போகிறது. இரண்டும் ஒரே தொட்டிக்குள் போகவேண்டியவை.

காபிச் சக்கையில் தழைச்சத்து ஏறக்குறைய 2 சதவீதம். நிறம் கறுப்பானாலும் மக்குத் தொட்டிக் கணக்கில் அது காய்கறித் தோலோடு சேர்ந்த பச்சைக் கழிவு. வெங்காயச் சருகும் மக்காச்சோளத் தட்டையும் பருத்திமாரும் காய்ந்த சரக்கு. பச்சை ஒரு பங்கு என்றால் காய்ந்தது இரண்டு மூன்று பங்கு இருக்கட்டும்.

முதல் வேலை, சக்கையைத் தட்டில் பரப்பி வெயிலில் உலர்த்துவது. ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். தொட்டியில் போட அது கெடுதல் இல்லை, அடுப்படியில்தான் வாடை. இன்ஸ்டன்ட் காபி குடிக்கும் வீட்டில் சக்கையே மிஞ்சாது. டீக்கடையில் வடிகட்டிய தூளைக் கேட்டு வாங்கலாம். பாலும் சர்க்கரையும் சேர்ந்த தூளானால் அலசிவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு மொய்க்கும்.

அடியிலும் பக்கத்திலும் துளை போட்ட பழைய வாளி போதும். அடியில் நான்கு விரல் உயரத்துக்குப் பருத்திமாரை ஒடித்துப் போடுங்கள். மேலே சருகு, காய்கறிக் கழிவு, அதன்மேல் காபிச் சக்கையைத் தூவல், கொஞ்சம் சாணிக் கரைசல். இப்படியே அடுக்கு அடுக்காக. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் காபிச் சக்கை வேண்டாம். சருகு லேசானது, தண்ணீர் தெளிக்காமல் போட்டால் மக்காமல் அப்படியே கிடக்கும். திருகல் நோயோ அழுகலோ வந்த வெங்காயத்தை மட்டும் சேர்க்காதீர்கள். வீட்டுத் தொட்டியின் சூடு நோய்க்கிருமியைக் கொல்லும் என்று நம்ப முடியாது.

வாரம் ஒருமுறை கிளறுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசியவேண்டும். நாற்றம் அடித்தால் சருகு கூட்டுங்கள், உலர்ந்து கிடந்தால் தண்ணீர். சித்திரை வெயிலில் ஈரச்சாக்கு போட்டு மூடாவிட்டால் வேலை நின்றுபோகும். இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனை வரும்.

காபிச் சக்கை மண்ணின் காரத்தைக் குறைக்கும் என்று சொல்வதை நம்பி நம் கரிசலில் கொட்டவேண்டாம். புளிப்பில் பெரும்பகுதி டிகாஷனோடு இறங்கிவிடுகிறது. மிஞ்சும் சக்கை கிட்டத்தட்ட நடுநிலைதான். சுண்ணாம்பு கலந்த கரிசலை அது அசைக்காது. செடியடியில் கனமாகப் பரப்பினால் காய்ந்து ஏடு கட்டி, ஊற்றும் தண்ணீர் வழிந்தோடும். நாற்றுத் தட்டில் அறவே கூடாது: மிச்சமிருக்கும் காஃபீன் விதை முளைப்பைத் தடுக்கும்.

மக்கிய உரம் ஒரு பங்குக்கு மண் மூன்று பங்கு என்று கலந்து கத்தரி, மிளகாய், கறிவேப்பிலைத் தொட்டிகளுக்குப் போடுங்கள். கரிசல் மட்டும் நிரப்பிய தொட்டி காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கும். உரம் கலந்தால் அந்த வெடிப்பு குறையும்.

நாய் வளர்க்கிற வீட்டில் சக்கைத் தட்டை மொட்டைமாடியில் காயவையுங்கள். காஃபீன் அதற்கு விஷம்.