முடி திருத்தும் கடையில் தள்ளுபடி

ஜும்ஆ தொழுகை முடிந்து ஜனங்கள் கலைந்து கொண்டிருந்த வேளையில், வாலிபர் ஒருவர் அருகில் வந்து ஸலாம் சொல்லி அமர்ந்தார். மூன்று மாதத்திற்கு முன் கடைத்தெருவில் சலூன் வைத்தவர்.

"ஹஜ்ரத், எதிரே முப்பது வருஷத்துக் கடை இருக்கிறது. எல்லோரும் பழக்கத்தில் அங்கேயே போகிறார்கள். முதல் தடவை வருபவர்களுக்குப் பாதிக் கூலி என்று போர்டு வைக்கலாம் என்றிருக்கிறேன். இது கூடுமா?" என்றார்.

கூடும் என்று ஒரே சொல்லில் அனுப்பி வைத்திருக்கலாம். ஆனால் அந்தப் போர்டுக்குப் பின்னால் பல மஸ்அலாக்கள் இருக்கின்றன. கடை வைத்திருப்போரும், அங்கே சென்று உட்காருவோரும், அங்கே கூலிக்கு வேலை செய்வோரும் நம் வீடுகளிலேயே இருப்பதால் அவற்றைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முடி வெட்டுதல் பொருளை விற்பதன்று. உழைப்பைக் கூலிக்குக் கொடுப்பது. பிக்ஹுக் கிதாபுகளில் இதற்கு இஜாரா என்று பெயர். இஜாரா சரியாவதற்குக் கூலி இவ்வளவு என்று இரு தரப்பாருக்கும் முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் கூலி கேட்டுவிட்டு நாற்காலியில் உட்காருகிறோம்? வேலை முடிந்த பின் அவர் ஒன்று சொல்ல, நாம் ஒன்று கொடுக்க, முகம் சுளித்துப் பிரிவதுதான் வழக்கமாக இருக்கிறது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் இதனை ஒத்த மஸ்அலாவைக் கூறுகிறார்கள். துணியை வெளுப்பவரிடமோ தையற்காரரிடமோ கூலி பேசாமல் கொடுத்து, அவரும் வேலையை முடித்து விட்டால் அவருக்குக் கூலி கிடையாது என்பதே அங்கே முதலாவதாகச் சொல்லப்படும் தீர்ப்பு. கூலிக்கு அவ்வேலையைச் செய்பவர் என்று அறியப்பட்டவராயின் கூலி உண்டு என்ற சொல்லும் அடுத்து வருகிறது. அதுவே அழகானதாகக் கருதப்படுவதுண்டு என்றும் குறிப்பிடுகிறார்கள். இவ்வளவு கருத்து வேறுபாட்டிற்கு இடம் வைக்காமல், கூலியைப் பலகையில் எழுதித் தொங்க விடுவது எத்தனை எளிது! அந்த வகையில் தள்ளுபடிப் பலகை நல்லதே. வருபவருக்குக் கூலி முன்கூட்டியே தெரிந்து விடுகிறது.

இனி, எதிர்க் கடைக்காரரின் வாடிக்கையைக் குறைந்த கூலி காட்டி இழுப்பது பாவமாகுமா என்பது வாலிபரின் மனத்திலிருந்த பயம். ஹாத்திப் இப்னு அபீ பல்தஆ (ரலி) அவர்கள் மதீனாக் கடைவீதியில் உலர்ந்த திராட்சை விற்றுக் கொண்டிருந்தார்கள். அவ்வழியே சென்ற உமர் (ரலி) அவர்கள், விலையை உயர்த்தும்படியும், இல்லையேல் கடைவீதியை விட்டு அகன்று விடும்படியும் சொன்னதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காணப்படுகிறது. மற்ற வியாபாரிகளுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்பது அதன் கருத்து. ஆனால் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் வழியாக வரும் அறிவிப்பில் இந்தச் சம்பவத்தின் பிற்பகுதியும் இருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் பின்னர் தம்மைத் தாமே விசாரித்துக் கொண்டு, ஹாத்திப் (ரலி) அவர்களின் வீடு தேடிச் சென்று, தாம் சொன்னது கட்டளையுமன்று, தீர்ப்புமன்று, ஊராரின் நலம் நாடிச் சொன்னதுதான் என்றும், அவர் விரும்பியபடி விற்றுக் கொள்ளலாம் என்றும் கூறினார்கள். அமீருல் மூஃமினீன் ஒரு வியாபாரியின் வீட்டு வாசலுக்குச் சென்று தம் வார்த்தையை விளக்கியதை நினைத்துப் பாருங்கள். ஆகவே, தன் உழைப்பைத் தான் குறைத்துக் கொடுப்பதற்கு ஷாபிஈ மத்ஹபில் தடை இல்லை. எதிர்க் கடைக்காரரின் கத்தி சுத்தமில்லை, கை நடுங்குகிறது என்று புறம் பேசி இழுப்பதுதான் ஹராம். அது கூலி குறைப்பினால் வந்த ஹராமன்று, நாவினால் வந்தது.

அடுத்தது பலகையில் எழுதப்படும் கணக்கு. கடையின் வழக்கமான கூலி 100 ரூபாயாக இருக்க, 200 என்று எழுதி அதன்மேல் கோடு கிழித்து, இன்று 100 மட்டுமே என்று காட்டுகிறார்களே, இது தள்ளுபடியன்று, பொய். தானியக் குவியலுக்குள் ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் கையை நுழைத்து, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருப்பதைக் கண்டு, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று அதன் சொந்தக்காரரிடம் கேட்டு, மோசடி செய்பவனைத் தம்மைச் சார்ந்தவனல்லன் என்று விலக்கிய ஹதீஸை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கோடு கிழித்த அந்த 200 காய்ந்த மேற்பகுதியே அல்லாமல் வேறென்ன? நாட்டுச் சட்டமும் இதை விடவில்லை. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2022 ஜூன் மாதம் வெளியிடப்பட்ட விளம்பர விதிமுறைகள், குறைந்த விலை காட்டி ஆளை அழைத்து, அந்த விலைக்குக் கொடுக்கும் எண்ணமே இல்லாதிருக்கும் தூண்டில் விளம்பரத்தைத் தடுக்கின்றன.

இவ்வளவும் கேட்டு வாலிபரின் முகம் தெளிந்தது. "அப்படியானால் என் கணக்கு நேர்தான் ஹஜ்ரத். என் கூலி 100. அதையே 50 ஆக்குகிறேன். பொய் ஒன்றுமில்லை" என்றார்.

"கடையில் நீர் மட்டும்தானா, தம்பி?"

"இல்லை ஹஜ்ரத், இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். வழக்கப்படி வசூலில் பாதி அவர்களுக்கு."

விஷயம் இங்கேதான் இருக்கிறது. நூறு ரூபாய்க்கு வெட்டினால் தொழிலாளிக்கு 50. ஐம்பதுக்கு வெட்டினால் 25. ஒரு நாளில் பத்துத் தலை வெட்டி 500 ரூபாய் வீட்டுக்குக் கொண்டு போனவர், அதே பத்துத் தலைக்கு, அதே கால் கடுக்க நின்று, 250 கொண்டு போவார். போர்டு வைத்தவர் முதலாளி. பாதியைக் கொடுத்தவர் தொழிலாளி! நாளை வாடிக்கை பெருகினால் கடையின் பெயரும் இலாபமும் முதலாளிக்கே. தொழிலாளி வேறு கடைக்குப் போனால் அந்த வாடிக்கையைத் தம்மோடு எடுத்துச் செல்ல முடியாது.

ஒருவர் விட்டுக் கொடுப்பது தம் உரிமையிலிருந்து மட்டுமே செல்லும். பிறருக்குச் சேரவேண்டியதை அவருடைய பொருத்தமின்றி விட்டுக் கொடுக்க எவருக்கும் அதிகாரமில்லை. பொருத்தம் என்றால், வேலை போய்விடுமே என்று பயந்து தலையாட்டுவதல்ல. ஒருவருடைய பொருளை இன்னொருவர் வீணே உண்ணக் கூடாது என்றும், மனமொப்பிய வியாபாரமாகவே இருக்க வேண்டும் என்றும் ஸூரத்துன் நிஸாவின் 29ஆவது ஆயத் கற்பிக்கிறது.

பாதிப் பங்கு என்ற ஏற்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடைக்காரர் தம் கடையில் ஒருவரை அமர்த்தி, வரும் வேலையை அவரிடம் கொடுத்து, பாதிக்குப் பாதி பிரித்துக் கொள்வது கூடும் என்று ஹனபீ மத்ஹபின் ஹிதாயாவில் காணப்படுகிறது. ஷாபிஈ மத்ஹபில் உழைப்பைப் பங்காக வைக்கும் கூட்டு செல்லாது. ஆகவே ஷாபிஈகள் ஒரு தலைக்கு இவ்வளவு, அல்லது ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ரூபாயாகவே நிச்சயித்துக் கொள்வது பேணுதலாகும். அப்படி நிச்சயித்து விட்டால், முதலாளி எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் தொழிலாளியின் கூலியில் கை வைக்க முடியாது.

நபி (ஸல்) அவர்களுக்கு இரத்தம் குத்தி எடுத்த அபூதைபா (ரலி) அவர்களின் ஹதீஸ் ஸஹீஹுல் புகாரீயில் வருகிறது. அந்நாளில் இரத்தம் எடுப்பதும் முடி எடுப்பதும் பெரும்பாலும் ஒரே கையினரின் தொழில். அபூதைபா (ரலி) அடிமை. சம்பாதிப்பதில் குறிப்பிட்ட தொகையை எஜமானர்களுக்குக் கட்ட வேண்டியவர். நபி (ஸல்) அவர்கள் அவருக்கு ஒரு ஸாவு பேரீச்சம்பழம் கொடுக்கச் சொன்னதோடு, அவர் கட்டவேண்டிய தொகையைக் குறைக்கும்படி எஜமானர்களிடம் பேசினார்கள். அங்கே தள்ளுபடி கேட்கப்பட்டது எஜமானரின் பங்கிலிருந்து. அது போய்ச் சேர்ந்தது தொழிலாளியின் கைக்கு. நம் கடைகளில் அது தலைகீழாக நடக்கிறது. நம் ஊர்களில் இந்தத் தொழில் செய்வோரை ஒஸ்தா என்றும் நாவிதர் என்றும் பிரித்து வைத்து, பந்தியில் தள்ளி உட்கார வைத்த கொடுமையும் நடந்ததுண்டு. அதை எந்தக் கிதாபிலிருந்து எடுத்தார்களோ, அல்லாஹ்வே அறிவான்.

கூலி குறைந்த அளவுக்கு வேலையையும் குறைப்பது இன்னொரு தீங்கு. தள்ளுபடிக்கு வந்தவர்தானே என்று ஐந்து நிமிஷத்தில் எழுப்பி விடுவதும், ஒரு பிளேடை இரண்டாக ஒடித்து ஒவ்வொருவருக்கும் புதிய பாதி வைக்க வேண்டியிருக்க, ஒரே பாதியை இருவருக்கு ஓட்டுவதும் அளவையில் குறைப்பதன் இனமே. அளவில் மோசம் செய்வோரைப் பற்றித் தனி ஸூராவே இறங்கியிருக்கிறது. அதிலும் பிளேடு விஷயம் வெறும் மோசடியோடு நிற்பதன்று. மஞ்சட்காமாலைக் கிருமி இரத்தத்தின் வழியே ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போய்விடும்.

மற்ற சலுகைகளைச் சுருக்கமாகச் சொல்லி விடலாம். ஒன்பது தடவை வந்தால் பத்தாவது இலவசம் என்ற அட்டை கூடும். அது வாக்குறுதி, நிறைவேற்றியாக வேண்டும். நண்பரை அழைத்து வருபவருக்கு இவ்வளவு என்பதும் கூடும். யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றில், காணாமற்போன அளவுப் பாத்திரத்தைக் கொண்டு வருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை என்று அறிவிக்கப்பட்டதை நம் இமாம்கள் இதற்கு ஆதாரமாகக் காட்டுவர். கூப்பன் குலுக்கலில் சூதாட்டத்தின் சாயல் இருப்பதால் அதன் பக்கம் போகாதிருப்பதே நலம். தலையின் ஒரு பகுதியை மழித்து மறு பகுதியை விட்டு வைப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்க, அந்த மாதிரிக் கோலத்திற்கென்றே சலுகை அறிவிப்பது கூடாது.

வாடிக்கையாளருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் தடவை வருகிறேன் என்று பொய் சொல்லி, ஒரே கடையில் இரண்டு முறை சலுகை பெறுவோர் உண்டு. மிச்சப்படுத்திய ஐம்பது ரூபாய் ஹலால் இல்லை.

வாலிபர் துல்ஹஜ் முதல் பத்து நாளுக்கே சலுகையை வைக்க எண்ணியிருந்தார். குர்பானி கொடுக்க நாடியவர்கள் அந்நாட்களில் முடி களையாதிருப்பது ஸுன்னத் ஆகையால் கடை ஓய்ந்து கிடக்கும், ஆள் வரவழைக்கலாம் என்பது அவர் யோசனை. அவர்களை ஆசை காட்டி அழைக்க வேண்டாம், துல்கஃதாவிலேயே முடித்துக் கொள்ளும் என்றேன். ஒப்புக் கொண்டார்.

அடுத்த ஜும்ஆவுக்கு ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தார். முதல் தடவை வருபவருக்கு 70 ரூபாய். தொழிலாளிக்கு அதில் எப்போதும் போல 50. மீதி 20இல் பிளேடு, துண்டு, மின்சாரம், வாடகை.

"ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது ஹஜ்ரத்" என்றார்.

"ஒரு மாதம் என்றே போர்டில் எழுதும். எந்தப் பிறையோடு முடிகிறது என்பதையும் சேர்த்து எழுதும்" என்றேன்.