தாண்டுவதற்கு முன் நிற்கப் பழகட்டும்

நாய்க்குட்டிக்கு ஐந்தாறு மாதம் ஆனதுமே "அஜிலிட்டி வகுப்பில் சேர்க்கலாமா?" என்று கேட்கிறார்கள். கைபேசியில் ஏதோ ஒரு பார்டர் கோலி தடை தாண்டி, குழாய்க்குள் புகுந்து, கம்புகளுக்கு நடுவே வளைந்து ஓடுவதைப் பார்த்த ஆசை. தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் முதல் நாளே தாண்டச் சொல்லும் வகுப்பு வேண்டாம்.

இந்த விளையாட்டு 1978-இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து, இடைவேளை வேடிக்கையாகத் தொடங்கியது. இன்று சர்வதேச அமைப்பான எஃப்.சி.ஐ.யின் விதிப்படி 18 மாதம் நிறையாத நாய் போட்டியில் இறங்க முடியாது. காரணம் எலும்பு. கால் எலும்புகளின் நுனியில் உள்ள வளர்ச்சிக் குருத்தெலும்பு, லேப்ரடார், ராஜபாளையம் மாதிரி பெரிய உடம்புக்காரர்களுக்கு இறுக ஒன்றரை வயதுகூட ஆகலாம். அதுவரை கம்பைத் தரையில் கிடத்தி, அதன்மேல் நடத்திக் கூட்டிப்போங்கள். பின்னங்கால் எங்கே இருக்கிறது என்று குட்டிக்குத் தெரிய வந்தாலே பெரிய விஷயம். வழுக்கும் டைல்ஸில் பந்து போட்டு ஓடவிடுவதை இன்றே நிறுத்துங்கள். தாண்டுவதைவிட அது மோசம்.

வகுப்புக்கு முன் வீட்டில் முடிக்க வேண்டிய பாடங்கள் மூன்றுதான்: கூப்பிட்டால் வருவது, சொல்லும்வரை இருப்பது, வாயில் பிடித்ததை விடுவது. இதில் நாய் தடுமாறுவதைவிட வீட்டார் தடுமாறுவதுதான் அதிகம். தாத்தா "டேய் வாடா" என்பார், பேரன் "கம் கம்" என்பான், அம்மா பெயரை மட்டும் பத்து முறை கத்துவார். உட்கார்ந்து பேசி ஒரே சொல்லாக முடிவு செய்யுங்கள். ஒருமுறைதான் சொல்ல வேண்டும். வந்ததும் வேகவைத்த கோழி ஈரல், பட்டாணி அளவு. கூப்பிட்டுவைத்து மருந்து ஊற்றுவதோ திட்டுவதோ கூடாது. அடுத்த முறை தூரத்தில் நின்றே உங்களை அளந்து பார்க்கும்.

சென்னைப் பல்லாவரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தலைக்கு மேலே விமானம், பக்கத்தில் மின்சார ரயில், ஜி.எஸ்.டி. ரோட்டின் ஹாரன். இவ்வளவுக்கும் நடுவே உங்கள் முகத்தைப் பார்க்கிற குட்டி எந்த மைதானத்திலும் பார்க்கும். ஆனால் நேரே சத்தத்துக்குள் இழுத்துப் போகாதீர்கள். காதைப் பின்னால் மடக்கி, கொடுத்த ஈரலை வாயில் வாங்காமல் நின்றால் அது பயம். இன்னும் ஐம்பது அடி தள்ளி நில்லுங்கள். அங்கே தின்கிறதா? அதுதான் இன்றைய வகுப்பறை. வெள்ளிக்கிழமைச் சந்தையின் ஓரமும் நல்ல இடமே, தடுப்பூசிகள் எல்லாம் முடிந்த பிறகு. பிராணிகள் வந்துபோகும் இடம் அது. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

நேரம்? விடியற்காலை, அல்லது விளக்கு வைத்தபின். மொட்டை மாடியானாலும் தார் ரோடானாலும் முதலில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். நாக்கு அகலமாகத் தொங்கி, எச்சில் கெட்டியாக வழிந்தால் உடனே நிழல், உடம்பில் தண்ணீர், காற்று. தள்ளாடினால் தண்ணீர் ஊற்றியபடியே டாக்டரிடம் கிளம்புங்கள். திரும்பி வந்ததும் காது மடல், விரலிடுக்கு எல்லாம் விரித்து உண்ணி தேடுங்கள். நன்றாக விளையாடிய நாய் திடீரென்று சோர்ந்து சாப்பாட்டை ஒதுக்கினால், சென்னையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். பயிற்சியை விட்டுவிட்டு ரத்தம் சோதியுங்கள்.

வகுப்பைத் தேர்வு செய்யக் குட்டி இல்லாமல் ஒருநாள் போய்ப் பாருங்கள். தடுப்பூசி அட்டையைக் கேட்கிறார்களா? எலும்பு இறுகாத குட்டிகளுக்குக் கம்பைத் தரையில் கிடத்துகிறார்களா? கழுத்தை இறுக்கும் சங்கிலி தொங்கினால் விசாரிக்கவே வேண்டாம், வந்துவிடுங்கள்.

சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இவை கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள். பூனை ஓடினால் உங்கள் குரல் காதில் ஏறாது. நாலு பக்கமும் வேலி இல்லாத மைதானத்தில், பயிற்சியாளர் எவ்வளவு தைரியம் சொன்னாலும், நீளக் கயிற்றைக் கழற்றாதீர்கள்.