வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த பெர்சோனா

ஏற்கெனவே பலர் பயன்படுத்திவரும் ஓர் இணையச் செயலியை மாற்றி வடிவமைக்கும்போது, புதிதாக எதைச் சேர்ப்பது என்று முடிவெடுப்பது சுலபம். எதை விடுவது, எதைத் தொடாமல் இருப்பது என்பதுதான் கடினம். பயனர் ஆய்வும், அதிலிருந்து உருவாகும் பெர்சோனாவும் (ஒரு வகைப் பயனரைக் குறிக்கும் மாதிரி ஆள்) இந்தக் கடினமான முடிவுக்கு உதவினால்தான் அவற்றுக்குச் செலவிட்ட உழைப்புக்குப் பலன் உண்டு என்பது இந்தத் துறையில் நான் வந்துசேர்ந்த முடிவு. பெர்சோனா முறையைப் பரவலாக்கிய ஆலன் கூப்பர், 1999-இல் வந்த ‘தி இன்மேட்ஸ் ஆர் ரன்னிங் தி அசைலம்’ நூலில் அந்த முறை ஏன் தேவை என்று விளக்கினார். கூட்டத்தில் ஆளாளுக்குப் பயனர் என்று பேசும்போது, புரோகிராமரின் பயனர் எல்லாம் தெரிந்தவராகவும், விற்பனைப் பிரிவின் பயனர் எல்லா வசதிகளையும் கேட்பவராகவும் மாறிவிடுகிறார். யார் இழுத்தாலும் வளையும் அந்த ஆளுக்குப் பதிலாகத் திட்டவட்டமான நோக்கம் கொண்ட ஒருவரை முன்னிறுத்தினால், ‘இது இவருக்குத் தேவையில்லை’ என்று சொல்ல ஒரு பிடிமானம் கிடைக்கிறது.

நடைமுறையில் தயாராகும் பெர்சோனாக்கள் பலவற்றில் இந்தப் பிடிமானம் இல்லை. சிரித்த முகத்தோடு ஒரு படம், 32 வயது, சென்னையில் வேலை, இசையில் ஆர்வம் என்று எழுதியிருக்கும். இவற்றில் எதுவும் ஒரு பட்டன் எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்காது. ரயில் டிக்கெட் முன்பதிவை எடுத்துக்கொள்வோம். தட்கல் எனப்படும் கடைசி நேரப் பதிவு ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் தொடங்குகிறது. அந்த நேரத்தில் உட்காருபவருக்குப் பயணிகளின் பெயர், வயது எல்லாம் முன்பே தயாராக இருக்க வேண்டும். பணம் கட்டும்வரை எதுவும் குறுக்கே வரக் கூடாது. தீபாவளிக்கு ஊருக்குப் போக வாரக்கணக்கில் முன்னதாகத் திட்டமிடுபவருக்கோ தேதிகளையும் ரயில்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி வேண்டும். அக்கம்பக்கத்துப் பெரியவர்களுக்காகப் பதிவு செய்து தருபவருக்கு, டிக்கெட் விவரம் இன்னொருவர் போனுக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த மூவருமே ஒரே வயதினராக, ஒரே தெருக்காரராக இருக்கலாம். ஒரே ஆளே மூன்று நாள் மூன்று விதமாகவும் நடக்கலாம். ஆகவே பெர்சோனாவை நோக்கத்தையும் நடத்தையையும் வைத்துப் பிரியுங்கள். அப்படிப் பிரித்தால், தட்கல்காரரின் பாதையில் ஹோட்டல் விளம்பரம் வைக்கலாமா என்ற கேள்விக்கு விவாதமே இல்லாமல் விடை வந்துவிடும்.

மக்களுக்கு என்ன வேண்டும் என்பது அவர்களுக்கே தெரியாதே, பிறகு எதற்கு நேர்காணல் என்று சிலர் கேட்பார்கள். என்ன வசதி வேண்டும் என்று கேட்டால் ஊகம்தான் பதிலாக வரும் என்பது உண்மை. அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, கடைசியாக எப்போது டிக்கெட் எடுத்தீர்கள், முதலில் எதைத் திறந்தீர்கள், எங்கே நின்றுபோனது, பிறகு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். முடிந்தால் செய்து காட்டச் சொல்லுங்கள். பயண விவரத்தை ஒருவர் துண்டுச் சீட்டில் எழுதிவைக்கிறார், இன்னொருவர் திரையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார் என்றால், செயலி செய்யாமல் விட்ட வேலையை அவர்கள் தாங்களே செய்துகொள்கிறார்கள் என்று பொருள். எந்த விருப்பப் பட்டியலையும்விட நம்பத்தக்க சான்று அது.

கிளிக் கணக்குகளே கையில் இருக்கும்போது ஆட்களைச் சந்திப்பது வீண் என்பது இன்னொரு வாதம். எந்தப் பக்கத்தில் எத்தனை பேர் விலகினார்கள் என்று அந்தக் கணக்கு சொல்லும். பயந்து விலகினாரா, குழம்பி விலகினாரா, விலையை மட்டும் பார்க்க வந்தாரா என்பதைச் சொல்லாது. ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. கணக்கை வைத்து எங்கே தேடுவது என்று முடிவுசெய்து, காரணத்தை மனிதர்களிடம் கேட்டறிவதே சரியான வரிசை. ஐந்தாறு பேர் எப்படி எல்லோருக்கும் பிரதிநிதி ஆவார்கள் என்ற கேள்வியும் நியாயமானதே. ஐந்து பேரைச் சோதித்தால் ஏறக்குறைய 85 சதவீதச் சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். பெரிய இணையதளங்களுக்கு அது போதவே போதாது என்று அதே துறை ஆய்வாளர்களான ஜாரெட் ஸ்பூலும் வில் ஷ்ரோடரும் 2001-இல் மறுத்தார்கள். என் பார்வையில், சிறு குழுவோடு பேசுவது சிக்கலைக் கண்டுபிடிக்க உதவும். அது எத்தனை பேரைப் பாதிக்கிறது என்று அளக்க உதவாது. ஐந்து பேரைச் சோதித்து, திருத்தி, மறுபடி வேறு ஐந்து பேரைச் சோதியுங்கள். ஒவ்வொரு வகைப் பயனரிலிருந்தும் ஆட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுவடிவமைப்பில் மட்டும் வரும் ஆபத்து ஒன்று உண்டு. பழைய பயனர்கள் அந்தச் செயலியைப் பழக உழைப்பைச் செலவிட்டிருக்கிறார்கள். டிக் என்ற செய்திப் பகிர்வுத் தளம் 2010 ஆகஸ்டில் தன் நான்காம் பதிப்பை வெளியிட்டபோது, பிடிக்காத இணைப்பைக் கீழே தள்ளும் பட்டனை எடுத்துவிட்டது. செய்தி நிறுவனங்கள் தங்கள் இணைப்புகளைத் தானியங்கியாகப் பதிவிட வழி செய்தது. எது மேலே வர வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமைக்காகவே வந்துகொண்டிருந்தவர்கள் பலர் ரெடிட்டுக்குப் போய்விட்டார்கள். ஸ்னாப்சாட்டின் புதிய வடிவமைப்பை எதிர்த்து 2018-இல் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டனர். அவ்வாண்டின் இரண்டாம் காலாண்டில் அதன் தினசரிப் பயனர்கள் 19.1 கோடியிலிருந்து 18.8 கோடியாகக் குறைந்தார்கள். எந்த மாற்றத்துக்கும் முதலில் முணுமுணுப்பு வரும், பிறகு அடங்கிவிடும் என்பார்கள். பழக்கம் குலைவதால் வரும் எரிச்சல் அடங்கலாம். வந்த நோக்கமே நிறைவேறாதவர் அடங்குவதில்லை, கிளம்பிவிடுகிறார். எனவே பெர்சோனாக்களில் ஒன்று கட்டாயம் பழைய பயனருடையதாக இருக்கட்டும். அவர் தினமும் செய்யும் வேலைகளைப் பட்டியலிட்டு, புதிய வடிவத்திலும் அவை அதே வேகத்தில் முடிகின்றனவா என்று பாருங்கள். சிறு பகுதியினருக்கு முதலில் திறந்துவிட்டு, பழைய வடிவத்துக்குத் திரும்பும் வழியைக் கொஞ்ச காலம் வைத்திருங்கள்.

பெர்சோனா என்பதே கற்பனைப் பாத்திரம், அதைச் சரி என்றோ தவறு என்றோ நிறுவ முடியாது என்பதுதான் வலுவான எதிர்வாதம். ஆய்வில் வேர் இல்லாத பெர்சோனாவுக்கு அது முழுக்கப் பொருந்தும். அதற்கு மருந்தும் ஆய்வுதான். பெர்சோனாவின் ஒவ்வொரு வரிக்கும் அது எந்த நேர்காணலில், எந்தக் கணக்கில் கிடைத்தது என்று குறித்துவையுங்கள். ஆதாரம் காட்ட முடியாத வரியை அடித்துவிடுங்கள். புதிய ஆய்வு வரும்போது திருத்துங்கள். அடுத்த முறை உங்கள் குழுவில் ஒரு பெர்சோனாவை மேசையில் வைக்கும்போது, இவருக்காக நாம் எதைச் செய்யப்போவதில்லை என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால், அதை ஒதுக்கிவிட்டுப் பயனர்களைச் சந்திக்கக் கிளம்புங்கள்.