சுண்ணாம்புக்குப் போன கடல் மதில்

நெடுந்தீவுக்குப் போனவர்கள் அங்கே காணிகளைச் சுற்றி அடுக்கியிருக்கும் முருகைக்கல் வேலிகளைக் கண்டிருப்பார்கள். யாழ்ப்பாணக் கோட்டை மதிலிலும் அதே கல் உண்டு. கல் என்று நாம் சொன்னாலும் அது உயிர்கள் கட்டியது. பொலிப்பு எனப்படும் மிகச் சிறிய பிராணி கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தன்னைச் சுற்றிக் கிண்ணம்போல் ஒரு கூடு கட்டுகிறது. தலைமுறை தலைமுறையாக இக்கூடுகள் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்தே முருகைக்கற்பார் உண்டாகிறது.

பொலிப்பின் உடலுக்குள் நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு தயாரித்து, வீட்டு வாடகை கொடுப்பதுபோல் பெரும்பகுதியைப் பொலிப்புக்கே கொடுக்கின்றன. ஆகவே முருகைக்குத் தெளிந்த, ஆழங் குறைந்த நீர் வேண்டும். சேறு மூடினால் அது மடியும். கடல்நீரின் வெப்பம் வழக்கமான கோடை அளவைவிட 1 பாகை செல்சியஸ் கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே அல்காக்கள் வெளியேறி முருகை வெளிறிவிடும். 1998இல் ஹிக்கடுவையிலும் பாசிக்குடாவிலும் இவ்வாறே பெருமளவு முருகை அழிந்தது. திருகோணமலைப் புறாத்தீவு அவ்வாண்டு தப்பியது.

கிளைவிட்டு வளரும் இனங்கள் ஆண்டுக்குச் சுமார் 10 சென்ரிமீற்றர் வளரலாம். உருண்டையாகத் திரளும் இனங்களோ ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர்தான். ஒரு மீற்றர் உயரக் கல்லுக்கு நூறு ஆண்டளவு செல்லும். அதை அலவாங்கு போட்டுப் பெயர்க்க எத்தனை நேரம் வேண்டும்?

உலகக் கடற்படுகையில் 1 வீதத்துக்கும் குறைவான இடத்திலேயே முருகைக்கற்பார்கள் உள்ளன. ஆனாலும் கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ காற்பங்கு அவற்றை நம்பியிருக்கிறது. விளைமீனும் கலவாயும் சிங்கிறாலும் அங்கேதான் ஒதுங்கும். வெளிக்கடலிலிருந்து வரும் அலையும் பாரில் மோதியே தன் வேகத்தின் பெரும்பகுதியை இழக்கிறது.

தென்மேற்குக் கரையில் இந்த மதிலைத்தான் சூளையில் வைத்து எரித்தார்கள். 1984இல் எடுத்த கணக்கின்படி அக்கரையில் ஆண்டுக்குச் சுமார் 18,000 தொன் முருகைக்கல் சுண்ணாம்புக்குப் போனது. அதில் பெரும்பகுதி நிலத்தில் புதைந்து கிடந்த பழைய கல். மீதி கடலிலிருந்து எடுத்தது. சட்டம் தடுத்த பின்னரும் களவாக எடுப்பது ஓயவில்லை. கரை அரித்தது. அதைத் தடுக்க அரசு கருங்கல் கொட்டவேண்டியதாயிற்று.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் ஆய்வாளர்கள் அக்கரையை அளந்தார்கள். பார் பாதுகாக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை 2 முதல் 3 மீற்றர் உயரமே எழுந்து, சுமார் 50 மீற்றர் உள்ளே வந்து நின்றது. வடக்கே 3 கிலோமீற்றர் தள்ளி, முருகைக்கல் அகழப்பட்ட பெரலியவில் 10 மீற்றரளவு எழுந்து ஒன்றரைக் கிலோமீற்றர் உட்புகுந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்ட புகைவண்டி நின்ற இடம் அதுவே. கடலடி அமைப்பும் தரையின் தாழ்வும் இதில் பங்குகொண்டன என்போர் உண்டு, அதுவும் நியாயமே. ஆனால் பாரை உடைத்தது கேட்டைக் கூட்டவில்லை என்று சொல்வது கடினம்.

கல் எடுத்தவர்களைக் குறை கூறுவது எளிது. அவர்களுக்கு வேறு தொழில் காட்டும் முயற்சிகள் நடந்தன; கல்லில் கிடைத்த நாட்கூலி அவற்றில் கிடைக்காததால் பலர் திரும்பிவிட்டார்கள். மாத்தளைப் பக்கத்து டொலமைற்றிலிருந்தும் சுண்ணாம்பு எடுக்கலாம். அந்தச் சூளையில் வேலை கிடைப்பதோ மலைநாட்டவருக்கு, கரையோரத்தவருக்கு அல்ல.

உங்கள் கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்தில் இவற்றைப் பேசிப் பாருங்கள். நமது கரைக்கு முன்னால் பார் எங்கே இருக்கிறது? வள்ளங்கள் நங்கூரத்தைப் பாரில் போடுகின்றனவா, மணலிலா? டைனமைற் வெடி கேட்டால் யாருக்கு அறிவிப்பது? வெடி வைப்பவர் நம்மூரவராக இருந்தால், அவர் வீட்டு அடுப்பு எரிய நாம் என்ன வழி சொல்வோம்?