நம்பிக்கை வேற, நட்பு விட்டுப்போகக் கூடாது: அக்காவின் 12 டிப்ஸ்

பக்கத்து வீட்டுல அஞ்சு வேளை தொழுறவங்க. எதிர் வீட்டுல ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவங்க. மாடியில கடவுளே இல்லைன்னு சொல்ற பெரியவர். கீழே செவ்வாய், வெள்ளி விளக்கேத்துற நீ. நம்ம ஊர்ல நிறைய தெரு இப்படித்தான் இருக்கு. ஆனா பண்டிகைக்குப் பலகாரம் மாத்திக்கிறதோட சரி. வருஷக்கணக்கா பக்கத்துல இருந்தும் "நீங்க எதை நம்புறீங்க, ஏன் நம்புறீங்க?"ன்னு மனசு விட்டுப் பேசுனதே இல்லை. பேசுனா சண்டை வந்துடுமோன்னு பயம்.

பயப்படாதே. நட்புக்கு ஒரே நம்பிக்கை தேவையே இல்லை. தெரியாததைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிற பழக்கமும், கேட்டதை மதிக்கிற பழக்கமும் இருந்தா போதும். உனக்கு நேரம் இல்லைன்னு தெரியும். அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

1. ஊகிக்காதே, கேளு

முஸ்லிம்னா இப்படி, கிறிஸ்தவங்கன்னா அப்படின்னு மனசுல ஒரு பட்டியல் வெச்சிருக்கியே, அதைத் தூக்கிப் போடு. தர்காவுக்குப் போற முஸ்லிமும் உண்டு, அது கூடாதுங்கிற முஸ்லிமும் உண்டு. பூ, பொட்டு, நகையோட சர்ச்சுக்கு வர்ற கத்தோலிக்கப் பெண்ணும் உண்டு, பொட்டுத் தங்கம்கூடப் போடாத பெந்தெகொஸ்தே சகோதரியும் உண்டு. முட்டையைத் தொடாத இந்துவும் உண்டு, குலசாமிக்குக் கிடா வெட்டுற இந்துவும் உண்டு. இணையத்துல தேடினா மதத்தைப் பத்தித்தான் தெரியும், உன் சிநேகிதியைப் பத்தித் தெரியாது. "உங்க வீட்டுல இதை எப்படிச் செய்வீங்க?" இந்த ஒரு கேள்வி போதும். யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

2. "எல்லா சாமியும் ஒண்ணுதானே"ன்னு பேச்சை முடிக்காதே

நல்ல எண்ணத்துலதான் சொல்றே, தெரியும். ஆனா அல்லாஹ்வுக்கு இணையே இல்லைன்னு நம்புறவங்களுக்கும், இயேசு மட்டுமே வழின்னு நம்புறவங்களுக்கும், சாமியே இல்லைங்கிறவங்களுக்கும் அது ஒண்ணு இல்லை. நீ அப்படிச் சொன்னதும் அவங்க சிரிச்சிட்டுப் பேச்சை நிறுத்திடுவாங்க. "நீ எப்படி நம்புறே, சொல்லேன்"னு கேட்டுப் பாரு, பேச்சு வளரும்.

வித்தியாசம் அப்படியே இருக்கட்டும், அதனால நட்பு கெடாது. கடவுள் இல்லைன்னு ஊர் ஊராப் பேசுனவர் பெரியார். சைவ மடத்தோட தலைவர் குன்றக்குடி அடிகளார். ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் மதிச்சாங்க. மடத்துக்கு வந்த பெரியாருக்குத் திருநீறு பூசினப்போ அவர் தடுக்கலைன்னு சொல்வாங்க. அதுக்காகப் பெரியார் பக்தராகவும் இல்லை, அடிகளார் நாத்திகராகவும் இல்லை.

3. நல்லதை நல்லதோட ஒப்பிடு

உன் மதத்துலேருந்து மகான்களை எடுத்துக்கிட்டு, அடுத்தவங்க மதத்துலேருந்து குண்டு வெச்சவனை எடுத்துக்கிட்டு ஒப்பிடாதே. அது நியாயமே இல்லை. 1985-ல ஸ்டாக்ஹோம்ல மார்மன் சபையினர் கோயில் கட்ட எதிர்ப்பு வந்தப்போ, அந்த ஊர் லூத்தரன் பேராயர் கிரிஸ்டர் ஸ்டெண்டால் மூணு விதி சொன்னார். ஒரு மதத்தைப் பத்தி அதன் எதிரிகிட்ட கேக்காதே, அதைப் பின்பத்துறவங்ககிட்டயே கேளு. உன்னோட சிறந்ததை அவங்களோட மோசமானதோட ஒப்பிடாதே. அவங்ககிட்ட இருக்குற ஏதோ ஒண்ணைப் பார்த்து "இது நம்மகிட்டயும் இருந்தா நல்லா இருக்குமே"ன்னு ஆசைப்பட மனசுல இடம் வை. எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சுக்கோ.

4. சிநேகிதியை வக்கீல் ஆக்காதே

எங்கேயோ ஒரு கலவரம், எவனோ ஒரு சாமியார், எந்த நாட்டுலயோ ஒரு தாக்குதல். மறுநாள் காலையில டீ குடிக்கிறப்போ "உங்க ஆளுங்க ஏன் இப்படி?"ன்னு கேக்காதே. அவங்களும் உன்னை மாதிரியே பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பிட்டு ஓடி வந்தவங்கதான். அதே மாதிரி "பாய்", "ஐயரே"ன்னு கூப்பிடுறதை விடு. பேர் இருக்குல்ல, பேரைச் சொல்லு. பெரியவங்கன்னா அண்ணா, அக்கா, அம்மான்னு சொல்லு.

5. சாப்பாட்டுல ஒளிவு மறைவு வேண்டாம்

நட்பு அதிகமா உடையுறது இங்கதான். கவனமாப் படி.

- சிநேகிதி ஹலால் மட்டும் சாப்பிடுவான்னா, வீட்டுல கறி சமைக்கிறப்போ ஹலால் கடையில வாங்கு. முடியலையா, சைவமாவே சமைச்சிடு. குழப்பமே இல்லை.
- கேக், ஜெல்லி, புட்டிங் குடுக்குறப்போ ரம், முட்டை, ஜெலட்டின் இருந்தா முன்னாடியே சொல்லிடு.
- நோன்புக் கஞ்சியில கறி போடுறது உண்டு. நீ சைவம்னா கேட்டுட்டுக் குடி. சைவ சிநேகிதிக்குக் குடுக்குறவ நீயா இருந்தா, கறி போடுறதுக்கு முன்னாடி தனியா எடுத்து வை.
- ஜைன சிநேகிதிக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு இல்லாம செய். சூரியன் மறைஞ்சப்புறம் சாப்பிடாதவங்க அவங்கள்ல நிறைய பேர். அதனால ராத்திரி விருந்தை விட மதிய விருந்து நல்லது.
- சாமிக்குப் படைச்சதை வாங்கிக்க முடியலைன்னு அவங்க சொன்னா முகத்தைத் தூக்காதே. உன் சுண்டலை அவங்க அவமதிக்கலை, அவங்க நம்பிக்கையைக் காப்பாத்திக்கிறாங்க. படைக்கிறதுக்கு முன்னாடியே ஒரு டப்பாவுல எடுத்து வெச்சு, இது படைக்காததுன்னு சொல்லிக் குடு.

ஒண்ணு மட்டும் மறக்காதே: "தெரியாம சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது"ன்னு ஏமாத்திக் குடுக்காதே. உன் மேல அவ வெச்ச நம்பிக்கை போனா திரும்ப வராது.

6. காலண்டர் அட்டையைப் பாரு

தினசரி காலண்டர் அட்டையிலயே இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பண்டிகைகள்னு பட்டியல் போட்டிருக்கும். வருஷ ஆரம்பத்துல பார்த்து, நெருங்கினவங்க பண்டிகையை ஃபோன்ல குறிச்சு வை. பிறைக் கணக்குங்கிறதால ரம்ஜான் வருஷா வருஷம் பத்து, பதினோரு நாள் முன்னாடி வரும், போன வருஷத் தேதியை நம்பாதே. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ தொழுகை நேரத்துல மீட்டிங் வைக்காதே. ஞாயித்துக்கிழமை காலை எட்டு மணிக்கு எல்லாரும் டூர் கிளம்பணும்னு அடம் பிடிக்காதே. புரட்டாசி சனிக்கிழமையில பிரியாணி ட்ரீட் வைக்காதே. நோன்பு இருக்குறவங்க முன்னாடி நீ சாப்பிடக் கூடாதுன்னு இல்லை. ஆனா "தண்ணிகூடவா குடிக்கக் கூடாது?"ன்னு தினம் தினம் கேக்காதே. ஆமா, கூடாது. ஒரு தடவை கேட்டா போதும்.

நோன்பு இருக்காத முஸ்லிம் சிநேகிதிகிட்ட "ஏன் இன்னைக்கு நோன்பு இல்லை?"ன்னு கேக்கவே கேக்காதே. உடம்பு சரியில்லாதவங்க, கர்ப்பிணிகள், பயணத்துல இருக்குறவங்களுக்கு விலக்கு உண்டு. மாதவிடாய் நாள்ல நோன்பு கிடையாது. நாலு பேர் நடுவுல அவ என்ன பதில் சொல்லுவா?

7. எல்லா லீவு நாளும் வாழ்த்துற நாள் இல்லை

பெரிய வெள்ளிக்கு "ஹேப்பி குட் ஃபிரைடே"ன்னு ஸ்டிக்கர் அனுப்பாதே. அது இயேசு சிலுவையில மரிச்ச நாள். வாழ்த்தை ஞாயித்துக்கிழமை ஈஸ்டருக்கு அனுப்பு. முஹர்ரம் பத்தாம் நாளும் அப்படித்தான். நபியோட பேரர் ஹுசைன் கர்பலாவுல கொல்லப்பட்ட நாள் அது, ஷியா முஸ்லிம்களுக்குத் துக்க நாள். சந்தேகமா இருந்தா வாழ்த்தாதே, "இன்னைக்கு உங்க வீட்டுல என்ன விசேஷம்?"னு கேளு.

8. வாசல்ல அவமானப்பட விடாதே

சிநேகிதியைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறியா? இந்து அல்லாதவங்க உள்ளே வரக் கூடாதுன்னு சில கோயில்கள்ல போர்டு இருக்கும். முன்னாடியே விசாரி. அவளைக் கூட்டிட்டுப் போய் வாசல்ல நிக்க வைக்காதே. சர்ச்சுல கத்தோலிக்கத் திருப்பலிக்குப் போனா, நற்கருணை வாங்க எல்லாரும் வரிசையில எந்திரிச்சுப் போறப்போ நீ உன் இடத்துலயே உக்காரு. அது அந்தச் சபையில சேர்ந்தவங்களுக்கு மட்டும். பள்ளிவாசல்ல பெண்களுக்கு இடம் இருக்கான்னு கேட்டுட்டுப் போ. தலையை மூடிக்க ஒரு துப்பட்டாவைப் பையில வை.

முதல் தடவை சேர்ந்து போகணும்னா எல்லாரும் வர்ற இடத்துலேருந்து ஆரம்பி. நாகூர் தர்காவுக்குப் போகலாம், அதோட உயரமான மினாரைக் கட்டினவரே ஒரு இந்து, தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங். வேளாங்கண்ணி மாதா கோயில்ல ஆகஸ்ட் 29 கொடியேத்தத்துலேருந்து செப்டம்பர் 8 வரைக்கும் திருவிழா. காவி உடுத்தி நடந்தே வர்ற கூட்டத்துல எல்லா மதத்தவரும் இருப்பாங்க.

9. வலியில இருக்குறவங்களுக்குப் பிரசங்கம் பண்ணாதே

ஆஸ்பத்திரியில படுத்திருக்காங்க, குழந்தை தங்கலை, வேலை போயிடுச்சு. அப்போ போய் "எங்க சபைக்கு ஒரு தடவை வா", "இந்தக் கோயில்ல பரிகாரம் பண்ணு", "சாமி இருந்திருந்தா இப்படி நடக்குமா?"ன்னு பேசுறது ரொம்பத் தப்பு. மூணும் ஒரே தப்புதான். வேண்டிக்கணும்னு தோணுனா, "உனக்காக வேண்டிக்கிறேன், பரவாயில்லையா?"ன்னு கேளு. சரின்னா உன் வீட்டுல உன் வழியில வேண்டிக்கோ. அவ கையில இட்லி டப்பாவைக் குடு.

10. துக்க வீட்டுக்கு உடனே போ

எப்படி நடந்துக்கணும்னு தெரியலைன்னு போகாம இருந்துடாதே. முஸ்லிம் வீடுகள்ல அடக்கம் சீக்கிரமே, பல நேரம் அன்னைக்கே நடந்துடும். "நாளைக்குப் பார்த்துக்கலாம்"னா முகம் பார்க்க முடியாது. மாலை வாங்குறதுக்கு முன்னாடி உறவுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேளு. கணவனை இழந்த முஸ்லிம் பெண் நாலு மாசம் பத்து நாள் இத்தாங்கிற துக்கக் காத்திருப்புல இருப்பாங்க. அப்போ அவங்களை வெளியே கூப்பிடாதே, நீ போய்ப் பாரு. அங்க என்ன பேசுறதுன்னு தெரியலையா? பேசாம பக்கத்துல உக்காரு, போதும்.

11. அவங்க இல்லாத இடத்துல பேசு

இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். சிநேகிதி முன்னாடி இனிக்க இனிக்கப் பேசிட்டு, குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல அவ மதத்தைப் பத்தி வர்ற அசிங்கமான ஃபார்வர்டுக்குக் கட்டை விரல் காட்டுறே பாரு, அங்கதான் உன் நட்பு தோத்துப்போகுது. மாமாவோட சண்டை போடச் சொல்லலை. "மாமா, இது உண்மையான்னு தெரியலை, இனிமே இதை அனுப்பாதீங்க"ன்னு ஒரு வரி போடு. உன் அபார்ட்மென்ட்ல மதத்தைக் காரணம் காட்டி வீடு வாடகைக்குத் தர மாட்டேங்கிறாங்களா? கூட்டத்துல எந்திரிச்சு "எனக்கு அவங்களைத் தெரியும், நல்லவங்க"ன்னு சொல்லு. குழந்தைங்க முன்னாடி கிண்டல் பண்ணாதே. நீ சமையல்கட்டுல சொல்றதைத்தான் அதுங்க ஸ்கூல்ல போய் சொல்லும்.

12. வாக்குவாதம் வந்தா ஆளை விட்டுடாதே

வரும். வராம இருக்காது. குரல் உயர்ந்தா "இதை இன்னொரு நாள் பேசலாம்"னு நிறுத்து. ஜெயிக்கணும்னு பேசாதே. ராமாயணத்தையும் மகாபாரதத்தையும் தமிழ்ல எழுதினவர் ராஜாஜி. அந்த ராமாயணத்தையே கடுமையா எதிர்த்தவர் பெரியார். அரசியல்லயும் எதிரும் புதிருமா நின்னாங்க. ஆனா 1972 டிசம்பர்ல ராஜாஜி இறந்தப்போ, 93 வயசுல சுடுகாட்டுக்கே வந்து அழுதார் பெரியார். கருத்தை ரெண்டு பேருமே விட்டுக்குடுக்கலை, ஆளையும் விட்டுக்குடுக்கலை.

நேரமே இல்லையா? இந்த நாலு மட்டும்

- பண்டிகைக்கு ஃபார்வர்டு அனுப்பாதே. பேரைச் சொல்லி ஒரு வரி டைப் பண்ணு.
- சாப்பிடக் கூப்பிடுறப்போ "எதெல்லாம் சாப்பிட மாட்டே?"ன்னு முதல்லயே கேளு.
- மாசத்துக்கு ஒரு கேள்வி கேளு. பதிலை முழுசாக் கேட்ட பிறகு உன்னோடதைச் சொல்லு.
- கஷ்டத்துல முதல் ஆளாப் போய் நில்லு.

வாயில வரவே கூடாதவை

- "உன்னைப் பார்த்தா முஸ்லிம் மாதிரியே தெரியலை." இது பாராட்டு இல்லை.
- "நீ நல்லவதான், உங்க ஆளுங்கதான்..."
- "சாமி இல்லைன்னு சொல்றே, பண்டிகைக்கு மட்டும் லீவு எடுக்குறியே?"
- "எப்போ எங்க பக்கம் வரப்போறே?"

இத்தனையும் செஞ்சா உன் நம்பிக்கை குறைஞ்சுடுமோன்னு கவலைப்படாதே. அவ கேக்குற கேள்விக்குப் பதில் தேடிப் போறப்போதான் உன் மதத்துல உனக்கே எவ்வளவு தெரியாம இருந்துச்சுன்னு புரியும். அதையும் படிச்சுக்கோ. இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்: பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, பண்டிகை இல்லாத ஒரு சாதாரண நாள்ல, டீக்குக் கூப்பிடு.